மீக்கடத்தி மோட்டாருக்குள் வெப்பம் நுழையும் வழி: கரண்ட் லீட்டின் கணக்கு

மீக்கடத்தி மோட்டார், மீக்கடத்தி ஜெனரேட்டர் என்று செய்தி வரும்போதெல்லாம் பலருக்கும் ஒரே சந்தேகம்தான் எழுகிறது. சுருளில் மின்தடையே இல்லை என்கிறார்கள், அப்படியானால் இழப்பும் இருக்கக்கூடாது. பிறகு எதற்காகப் பக்கத்திலேயே கிலோவாட் கணக்கில் மின்சாரம் இழுக்கும் ஒரு குளிர்விப்பான் ஓடிக்கொண்டே இருக்கிறது?

சுருள் தன்னளவில் சொன்னபடிதான் நடந்துகொள்கிறது. சிக்கல் அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு கம்பிகளில் இருக்கிறது. அறை வெப்பநிலையில் தொடங்கி உறைகுளிரில் போய் முடியும் இந்தக் கம்பிகளைத்தான் கரண்ட் லீட் என்கிறார்கள். அவற்றின் வழியே எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, அதை ஏன் ஓரளவுக்குக் கீழே குறைக்க முடிவதில்லை, முடிந்தால் எந்த வழியில் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான மீக்கடத்தி சுழல் இயந்திரங்களில் சுழலும் பாகத்தில், அதாவது ரோட்டாரில், காந்தப்புலம் உண்டாக்கும் சுருள் மட்டும்தான் மீக்கடத்தி. அதில் ஓடுவது நேர்மின்னோட்டம். மாறுமின்னோட்டம் ஓடினால் மீக்கடத்தியிலும் இழப்பு வரும் என்பதால், மாறுமின்னோட்டம் ஓடும் மற்றொரு சுருளான ஆர்மேச்சரைச் செம்பிலேயே விட்டுவிடுவது வழக்கம். அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்து 2009-இல் முழுத்திறனில் சோதித்த 36.5 மெகாவாட் கப்பல் மோட்டாரும், டென்மார்க்கில் 2018-இல் காற்றாலையில் ஏற்றிய 3.6 மெகாவாட் ‘ஈகோஸ்விங்’ ஜெனரேட்டரும் இந்த வகை.

பழைய நியோபியம்-டைட்டானியம் கம்பி என்றால் சுருளைத் திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் வைக்க வேண்டும். உயர்வெப்ப மீக்கடத்தி நாடா என்றால் 30 கெல்வின் சுற்றுவட்டாரம் போதும். (‘உயர்வெப்பம்’ என்பதே மைனஸ் 243 டிகிரி செல்சியஸைத்தான் குறிக்கிறது, அந்தப் பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.) வெளியே 300 கெல்வின். இடையில் வெற்றிடம்.

இந்தக் குளிர்ப்பகுதிக்குள் வெப்பம் நுழைய முக்கியமாக மூன்று வழிகள்:

1. கதிர்வீச்சு. பளபளப்பான படலங்களைப் பல அடுக்குகளாகச் சுற்றி இதைப் பெருமளவு தடுத்துவிடலாம்.
2. குளிர்ந்த சுருளையும் வெப்பமான தண்டையும் இணைத்து முறுக்குவிசையைக் கடத்தும் குழாய். இதைக் கண்ணாடியிழை போன்ற, வெப்பம் கடத்தாத பொருளில் செய்யலாம்.
3. கரண்ட் லீட்.

முதல் இரண்டுக்கும் வெப்பம் கடத்தாத பொருளைத் தேடிப் போகலாம். மூன்றாவதில் அந்த வசதி இல்லை, ஏனென்றால் அது மின்சாரத்தைக் கடத்தியே ஆக வேண்டும்.

செம்பிடம் பேரம் பேச முடியாது

உலோகத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களேதான் வெப்பத்தையும் சுமக்கின்றன. அதனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். 1853-இலேயே கண்டறிந்த இந்த உறவுக்கு வீட்மன்–ஃப்ரான்ஸ் விதி என்று பெயர். வெப்பக் கடத்துதிறனை மின் கடத்துதிறனாலும் வெப்பநிலையாலும் வகுத்தால், எந்த உலோகமானாலும் ஏறக்குறைய ஒரே எண் கிடைக்கும். அதுதான் லோரென்ஸ் எண்.

இப்போது லீட்டை வடிவமைப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கம்பியைத் தடியாக்கினால் மின்தடை குறைந்து சூடு குறையும், ஆனால் வெளியிலிருந்து வெப்பம் வழிந்துவரப் பெரிய பாதை திறந்துவிடும். ஒல்லியாக்கினால் வழிந்துவரும் வெப்பம் குறையும், ஆனால் கம்பியே சூடாகி அந்தச் சூடு குளிர்முனைக்கு இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான அளவு உண்டு. அந்த அளவில் மொத்த வெப்பம் மிகக் குறைவாக இருக்கும், அதற்குக் கீழே போக வழியில்லை.

அந்தக் குறைந்தபட்சத்துக்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. வெப்பமுனையின் வெப்பநிலையை வர்க்கமாக்கி, அதிலிருந்து குளிர்முனையின் வர்க்கத்தைக் கழித்து, லோரென்ஸ் எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால், ஓர் ஆம்பியருக்கு எத்தனை வாட் என்று கிடைத்துவிடும். வெளிமுனை 300 கெல்வின் என்று வைத்துக்கொண்டால், ஒரு லீட்டுக்கு:

1. குளிர்முனை 77 கெல்வின்: ஆம்பியருக்கு சுமார் 45 மில்லிவாட்
2. குளிர்முனை 30 கெல்வின்: சுமார் 46.6 மில்லிவாட்
3. குளிர்முனை 4.2 கெல்வின்: சுமார் 47 மில்லிவாட்

குளிர்முனை எங்கே இருந்தாலும் எண் கிட்டத்தட்ட அதேதான், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். இன்னொன்று, சூத்திரத்தில் செம்பு என்ற பேச்சே இல்லை, நீளம் என்ற பேச்சும் இல்லை. அலுமினியமோ பித்தளையோ, குறைந்தபட்சம் அதே 45 பக்கம்தான். “கம்பியை இன்னும் நீளமாக்கினால் வெப்பம் குறையாதா?” என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். குறையாது. முக்கியமானது நீளத்துக்கும் குறுக்குவெட்டுக்கும் உள்ள விகிதம். 100 ஆம்பியருக்கான, 77 கெல்வினில் முடியும் செம்பு லீட் அரை மீட்டர் நீளம் என்றால், அதன் குறுக்குவெட்டு சுமார் 15 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதாவது 4 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் விட்டம். ஒரு மீட்டர் ஆக்கினால் 30 சதுர மில்லிமீட்டர். இரண்டிலும் உள்ளே வருவது அதே 4.5 வாட். தடிமனை மாற்றாமல் நீளத்தை மட்டும் கூட்டினால், நடுப்பகுதி வெளிமுனையைவிடச் சூடாகி நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆக, வெறும் உலோகக் கம்பியோடு நின்றால் ஆம்பியருக்கு 45 மில்லிவாட் என்பது அடித்தளம். இனி வரப்போகும் உத்திகள் எல்லாமே அந்த அடித்தளத்தைச் சுற்றிப் போகும் வழிகள்தான்.

மின்னோட்டம் மாறினால்?

சரியான அளவு என்று சொன்னது ஒரே ஒரு மின்னோட்டத்துக்குத்தான். சுவிட்சை அணைத்து மின்னோட்டம் சுழியானாலும் கம்பி அங்கேயேதான் இருக்கிறது, அதன் வழியே முன்பு வந்த வெப்பத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வந்துகொண்டேதான் இருக்கும். இயந்திரம் சும்மா நின்றாலும் குளிர்விப்பான் ஓயாததற்கு இது ஒரு காரணம்.

மறுபக்கம், குறித்த அளவுக்கு மேல் மின்னோட்டம் ஏறினால் கம்பியின் நடுவே வெப்பநிலை மேடு கட்டும். சூடானால் மின்தடை கூடும், மின்தடை கூடினால் இன்னும் சூடாகும், விட்டால் கம்பி எரிந்தே போகலாம். ஜெனரேட்டரில் புல மின்னோட்டம் சுமைக்கு ஏற்ப ஏறி இறங்குவது சாதாரணம். அதனால் உச்ச மின்னோட்டத்துக்கு வடிவமைப்பதா, பெரும்பாலான நேரம் ஓடும் அளவுக்கு வடிவமைப்பதா என்பது தனிச் சண்டை. ஒரு விமான மோட்டார் முழுத்திறனில் ஓடுவது மேலேறும் சில நிமிடங்கள் மட்டும் என்றால், அந்தச் சில நிமிடங்களுக்குக் கம்பியின் வெப்ப நிறையே தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயண நிலைக்கு வடிவமைப்பதுதான் புத்திசாலித்தனம்.

28 வாட் என்ன பெரிய விஷயமா?

300 ஆம்பியர் ஓடும் ஒரு ரோட்டார் சுருளை எடுத்துக்கொள்வோம். இரண்டு லீட், நேராக 300 கெல்வினிலிருந்து 30 கெல்வினுக்கு இறங்குகின்றன. 46.6 மில்லிவாட்டை 300 ஆல் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 28 வாட். மெகாவாட் இயந்திரத்தில் 28 வாட் தூசு என்று தோன்றும்.

ஆனால் அந்த 28 வாட் இருப்பது 30 கெல்வினில். அங்கிருந்து வெப்பத்தை எடுத்து வெளியே தள்ள, வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் மிகச்சிறந்த இயந்திரத்துக்கே ஒரு வாட்டுக்கு 9 வாட் வேலை வேண்டும். 4.2 கெல்வின் என்றால் 70 வாட், 77 கெல்வின் என்றால் 3 வாட்டுக்கும் குறைவு. நிஜக் குளிர்விப்பான்கள் இதைவிடப் பல மடங்கு எடுக்கும். கணக்குக்குப் பத்து மடங்கு என்று வைத்தால், 28 வாட்டுக்கு 2.5 கிலோவாட். இதையே 4.2 கெல்வினில் செய்யப்போனால் 20 கிலோவாட். அதுவும் தாளில்தான். அந்த வெப்பநிலைக்கான சிறிய கிரையோகூலர்கள் (உறைகுளிருக்கான குளிர்விப்பான்கள்) ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும் என்பதால், லீட்டுக்காக மட்டுமே பதினைந்து இருபது கிரையோகூலர் நிறுத்த வேண்டியிருக்கும்.

நேர்மையாகச் சொன்னால், பெரிய காற்றாலை ஜெனரேட்டரின் செயல்திறனை இந்த 2.5 கிலோவாட் பெரிதாகப் பாதிக்காது. பாதிப்பது குளிர்விப்பானின் எண்ணிக்கை, எடை, விலை, பழுதாகும் வாய்ப்பு ஆகியவற்றைத்தான். விமானத்தில் எடைதான் எல்லாம். நடுக்கடல் காற்றாலையில் ஒரு கிரையோகூலர் நின்றால் அதைச் சரிசெய்யப் போவதே பெரும்பாடு. லீட் வெப்பத்தைக் குறைக்க இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான்.

வழி 1: பாதியில் பிடித்து நிறுத்துவது

குளிர்முனை எங்கிருந்தாலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பார்த்தோம் இல்லையா, அந்தக் கசப்பான உண்மையையே இங்கே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். எப்படியும் 45 மில்லிவாட் வரப்போகிறது என்றால், அதை 30 கெல்வின் வரை ஏன் இறங்க விட வேண்டும்? 70 கெல்வினிலேயே ஒரு குளிர்நிலையம் வைத்து அங்கே பிடித்துவிடலாம். அங்கே ஒரு வாட்டை வெளியேற்றும் இலட்சியச் செலவு 3.3 வாட்தான்.

அப்படியானால் 70-க்கும் 30-க்கும் இடையில் மின்சாரம் எப்படிப் போகும்? அங்கே மீக்கடத்தியையே கம்பியாகப் போடுவார்கள். பிஸ்மத் வகை மீக்கடத்தி சுமார் 110 கெல்வின் வரையும், இட்ரியம் குடும்பத்து நாடா 90 கெல்வினைத் தாண்டியும் மீக்கடத்தும் என்பதால், 70 கெல்வினில் வேலை செய்யக் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து ஓடுகின்றன, அந்த இணைகள் மின்சாரத்தைச் சுமக்கும், வெப்பத்தைச் சுமக்காது. வீட்மன்–ஃப்ரான்ஸ் விதியிலிருந்து தப்பிக்கும் வாசல் இதுதான்.

ஆனால் கடையில் வாங்கும் மீக்கடத்தி நாடாவை அப்படியே போட்டுவிடக் கூடாது. ஒரு நாடாவைப் பிரித்துப் பார்ப்போம்: 12 மில்லிமீட்டர் அகலம், அடியில் நிக்கல் கலவைத் தகடு, அதன்மேல் ஓரிரு மைக்ரான் மீக்கடத்திப் படலம், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளி, அதற்கும் மேலே பாதுகாப்புக்காகச் செம்புப் பூச்சு. 20 சென்டிமீட்டர் நீளத்தில் 70-இலிருந்து 30 கெல்வினுக்கு வழியும் வெப்பத்தைக் கணக்கிட்டால், நிக்கல் கலவை வழியே ஒரு மில்லிவாட்கூட வராது. வெள்ளி வழியே சில மில்லிவாட். செம்புப் பூச்சு மொத்தம் 40 மைக்ரான் இருந்தால் அதன் வழியே மட்டும் ஐம்பது, நூறு மில்லிவாட் வரும்! அதனால் லீட்டுக்கான நாடாவில் செம்பைப் போடாமல் விடுகிறார்கள். பிஸ்மத் நாடாவில் மீக்கடத்தியைச் சூழ்ந்திருக்கும் வெள்ளியை நீக்க முடியாது என்பதால், அதோடு கொஞ்சம் தங்கம் கலந்து அதன் வெப்பக் கடத்துதிறனைக் குறைக்கிறார்கள். செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் மோதுவியில் 13,000 ஆம்பியர் சுமக்கும் லீட்களில் இந்த வெள்ளி-தங்கக் கலவை நாடாக்கள்தான் இருக்கின்றன.

செம்பை எடுத்தால் ஆபத்தும் கூடவே வரும். 70 கெல்வின் நிலையம் ஏதோ காரணத்தால் சூடாகி, மீக்கடத்தி தன் குணத்தை இழந்தால், மின்னோட்டத்துக்கு மாற்றுப்பாதை கிடையாது, நாடா சில நொடிகளில் கருகலாம். வெப்பக் கசிவைக் கடைசி மில்லிவாட் வரை சுரண்டாமல், பாதுகாப்புக்குக் கொஞ்சம் உலோகத்தை விட்டுவைப்பதே என் பார்வையில் சரி. லாபம் ஏற்கெனவே பெரிதாகக் கிடைத்துவிடுகிறது: மேலே பார்த்த 300 ஆம்பியர் கணக்கில் 30 கெல்வினுக்கு இறங்கும் வெப்பம் 28 வாட்டிலிருந்து ஒரு வாட்டுக்கும் கீழே போகிறது, மொத்த மின்செலவு 2.5 கிலோவாட்டிலிருந்து ஒரு கிலோவாட் அளவுக்கு வருகிறது.

வழி 2: வாயுவை ஓடவிடுவது

லீட்டைக் குழாய்போலச் செய்து, அதன் வழியே குளிர்ந்த வாயுவைக் கீழிருந்து மேலே ஓடவிட்டால், இறங்கிவரும் வெப்பத்தை அது வழியிலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். திரவ ஹீலியத்தில் இது அற்புதமாக வேலை செய்யும். ஒரு கிராம் ஹீலியம் ஆவியாக எடுக்கும் வெப்பத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேல், அந்த ஆவி அறை வெப்பநிலைக்கு வரும்வரை உள்வாங்கும். அதனால் ஆம்பியருக்கு 47 மில்லிவாட் என்பது ஒரு மில்லிவாட் அளவுக்கு விழுகிறது. திரவ நைட்ரஜனில் இந்த மாயம் நடக்காது, அங்கே ஆவியாகும் வெப்பமும் பிறகு உள்வாங்கும் வெப்பமும் கிட்டத்தட்ட சமம் என்பதால், ஏறக்குறைய பாதியாகக் குறையும், அவ்வளவுதான்.

சுழல் இயந்திரங்களில் பல சமயம் திரவம் இருப்பதில்லை, குளிர்ந்த ஹீலியம் வாயுதான் சுற்றிவருகிறது. சுருளைக் குளிர்வித்துத் திரும்பும் வாயுவை லீட்டின் பக்கமாகத் திருப்பிவிடலாம். ஆனால் இது இலவசம் இல்லை. திரும்பும் வாயு எவ்வளவு சூடாகிறதோ, அந்தச் சூட்டை அதே குளிர்விப்பான்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

வழி 3: மின்னோட்டத்தையே குறைப்பது

வெப்பம் ஆம்பியருக்கு நேர்விகிதம். காந்தப்புலத்துக்கு வேண்டியதோ ஆம்பியரும் சுற்று எண்ணிக்கையும் சேர்ந்த பெருக்கல். 300 ஆம்பியரில் 200 சுற்று போடுவதும், 100 ஆம்பியரில் 600 சுற்று போடுவதும் புலத்துக்கு ஒன்றுதான். 12 மில்லிமீட்டர் நாடாவுக்குப் பதில் 4 மில்லிமீட்டர் நாடா போட்டால் லீட் வெப்பம் மூன்றில் ஒன்றாகிவிடும். வேறெந்தத் தந்திரமும் வேண்டாம்.

விலை வேறிடத்தில் விழும். தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் சுருளின் குணம், ஒன்பது மடங்காகும். சுருள் மீக்கடத்தலை இழந்தால் அதில் சேமித்த ஆற்றலை அதே நேரத்துக்குள் வெளியேற்ற மூன்று மடங்கு மின்னழுத்தம் வேண்டும், காப்பும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். இவற்றுக்கு அப்புறமும், முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான் என்பேன், லீட்டைத் தொடாமலேயே லீட்டின் சிக்கல் குறைகிறதே.

வெப்பமுனையில் பெல்டியர் துண்டைச் செருகும் முறையும் உண்டு. ஒரு லீட்டில் ‘என்’ (n) வகை, மற்றதில் ‘பி’ (p) வகை பிஸ்மத் டெல்லுரைடு என்னும் குறைக்கடத்தி. ஓடும் மின்னோட்டமே வெப்பத்தை வெளிப்பக்கம் தள்ளும், மின்னோட்டம் நின்றாலும் அந்தப் பொருள் வெப்பத்தை மோசமாகக் கடத்துவதால் கசிவு குறையும். நிலையான கருவிகளுக்கு நல்ல யோசனை. எளிதில் நொறுங்கும் அந்தத் துண்டைச் சுழலும் தண்டில் வைப்பது வேறு கதை.

சுழல்வதால் வரும் தனித் தொல்லைகள்

1. மையவிலக்கு விசை. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் ரோட்டாரில், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் லீட்டின் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு வெளியே இழுக்கும். மீக்கடத்தி அடிப்படையில் பீங்கான், வளைந்தால் விரிசல் விடும். அதனால் நாடாவைக் கண்ணாடியிழைத் தாங்கியில் முழு நீளத்துக்கும் பதிக்க வேண்டும், அந்தத் தாங்கியும் கொஞ்சம் வெப்பம் கடத்தும். காற்றாலை நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுதான் என்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

2. சுருக்கம். 300-இலிருந்து 77 கெல்வினுக்குக் குளிரும்போது செம்பு 0.3 சதவீதம் சுருங்கும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிய லீட், முதல் குளிர்விப்பிலேயே இணைப்பைப் பிய்த்துவிடக்கூடும். எங்காவது ஒரு நெகிழும் பின்னல் கம்பி வேண்டும், அது மையவிலக்கில் ஆடவும் கூடாது.

3. இணைப்புகள். செம்பும் நாடாவும் சேரும் இடத்தில் ஒரு மைக்ரோ ஓம் இருந்தால் 300 ஆம்பியரில் 90 மில்லிவாட். நாடா வழியே வருவதைவிட இதுவே பெரிது! சாலிடர் சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்பு, மேலே செய்த அத்தனை மிச்சத்தையும் தின்றுவிடும்.

4. பிடிமானம். 70 கெல்வின் நிலையத்தோடு லீட் வெப்பத்தால் ஒட்ட வேண்டும், மின்சாரத்தால் ஒட்டக்கூடாது. அலுமினியம் நைட்ரைடு, நீலமணி போன்ற அபூர்வப் பொருள்கள்தான் இந்த இரண்டையும் ஒருங்கே செய்யும்.

5. அந்த 70 கெல்வின் நிலையம் ரோட்டாருக்குள் எங்கிருந்து வரும்? ஈகோஸ்விங்கில் கிரையோகூலர்களையே ரோட்டாரில் ஏற்றிச் சுழலவிட்டார்கள். நாசாவின் 1.4 மெகாவாட் விமான மோட்டார் வடிவமைப்பிலும் கிரையோகூலர் ரோட்டாருக்குள்தான். இன்னொரு அணுகுமுறை, புலச்சுருளை நிலையாக வைத்துவிட்டு ஆர்மேச்சரைச் சுழலவிடுவது. அப்போது லீட் அசையாது, ஆனால் முழு மின்திறனையும், சுழலும் பாகத்தோடு மின் தொடர்பு தரும் வளையமான ஸ்லிப் ரிங் வழியே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

கம்பியே இல்லாமல் செய்தால்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘பிரஷ் இல்லாத எக்சைட்டர்’ (எக்சைட்டர் என்பது புலச்சுருளுக்கு மின்னோட்டம் தரும் கருவி) என்றதும் லீட் போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது நீக்குவது கார்பன் பிரஷ்ஷையும் ஸ்லிப் ரிங்கையும் மட்டும்தான். எக்சைட்டர் அறை வெப்பநிலையில் இருக்கும்வரை, அங்கிருந்து சுருளுக்குச் செம்பு இறங்கத்தான் வேண்டும்.

லீட்டையே நீக்குவது ஃபிளக்ஸ் பம்ப். சுவருக்கு வெளியே நிலைக்காந்தங்கள், உள்ளே குளிர்ந்த மீக்கடத்தி நாடா, ஒன்றைக் கடந்து மற்றொன்று சுழலும்போது நாடாவில் ஒரு சிறிய நேர்மின்னழுத்தம் பிறக்கிறது. உலோகத் தொடர்பு எதுவும் இல்லை, காந்தப்புலம் மட்டுமே வெற்றிடத்தைக் கடக்கிறது. ரோட்டார் எப்படியும் சுழல்வதால் இதற்கு இயல்பான இடம் சுழல் இயந்திரம்தான். நியூசிலாந்தின் ராபின்சன் ஆய்வு நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

குறை என்ன? கிடைப்பது மில்லிவோல்ட் கணக்கில். 1 ஹென்றி தூண்டலுள்ள சுருளில் 10 மில்லிவோல்ட் கொடுத்து 300 ஆம்பியர் ஏற்ற 30,000 நொடி, அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சுமைக்கு ஏற்பப் புலத்தைச் சட்டென்று ஏற்றி இறக்க வேண்டிய ஜெனரேட்டருக்கு இது ஒத்துவராது. ஆபத்து நேரத்தில் ஆற்றலை வெளியே ஒரு மின்தடைக்குத் தள்ளிவிடவும் கம்பி கிடையாது, எல்லாம் உள்ளேயே எரிய வேண்டும். நாடாவிலும் இழப்பு உண்டு, அது விழுவது குளிர்ப்பக்கத்தில்.

மின்னோட்டத்தை ஏற்றிவிட்டு லீட்டைக் கழற்றிவிடும் பழக்கம் சில எம்ஆர்ஐ காந்தங்களில் உண்டு. அங்கே நியோபியம்-டைட்டானியம் இணைப்புகளில் மின்தடை ஏறக்குறைய இல்லாததால் மின்னோட்டம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். உயர்வெப்ப நாடாவில் அப்படிப்பட்ட இணைப்பைச் செய்வது இன்னும் எளிதாகவில்லை.

செய்தியில் வரும் எண்ணைச் சரிபார்க்க

‘லீட் வெப்பத்தைப் பாதியாகக் குறைத்தோம்’ என்று படித்தால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. எந்த வெப்பநிலையில்? 30 கெல்வினில் பாதியா, 77-இல் பாதியா?
2. முழு மின்னோட்டத்திலா, மின்னோட்டமே இல்லாமலா? பின்னதில் எண் இயல்பாகவே அழகாக இருக்கும்.
3. வெப்பத்தை நிஜமாகவே குறைத்தார்களா, நடு நிலையத்துக்கு மாற்றினார்களா? மாற்றுவதும் லாபம்தான், ஆனால் அங்கே செலவாகும் குளிர்ச்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
4. ஒரு லீட்டுக்கா, ஒரு ஜோடிக்கா? ஆம்பியருக்கு 45 மில்லிவாட் என்பது ஒற்றை லீட்டுக்கு. ஜோடிக்கே அதைவிடக் குறைவு என்று ஒருவர் சொன்னால், உள்ளே மீக்கடத்தியோ வாயுவோ பெல்டியரோ இருந்தாக வேண்டும், வெறும் செம்பால் அது நடக்காது.